மயக்க ஊசி போட்டுக்கொள்ளுமுன்



ஆபரேஷன் என்றதும் கத்தியைவிட மயக்க ஊசிக்கே நம் மக்கள் அதிகம் பயப்படுகிறார்கள். "டாக்டர், நான் மறுபடியும் கண் விழிப்பேனா?" என்று முந்தின இரவு கேட்காத நோயாளி அபூர்வம். உங்களில் அநேகர் பெற்றோரையும் சபையாரையும் மருத்துவமனைக்கு அழைத்து வருகிறவர்கள். ஆகவே இந்த ஊசியைப் பற்றிச் சில காரியங்களை நீங்கள் அறிந்திருப்பது நல்லது.

1934-ல் அமெரிக்காவில் ரால்ஃப் வாட்டர்ஸ், ஜான் லண்டி என்ற இரு மருத்துவர்கள் தயோபென்டால் என்ற மருந்தை இரத்தக்குழாயில் செலுத்தி மயக்கம் கொடுக்கத் தொடங்கினார்கள். அதற்குமுன் முகத்தில் ஈதர் மூடியை அழுத்தி, நோயாளி திமிறத் திமிற மயக்க வேண்டியிருந்தது. இன்று பெரும்பாலும் போடப்படுவது புரோப்போஃபால். பால்போல் வெண்மையாக இருக்கும். ஏறும்போது கையில் சற்று எரியும். ஒரு நிமிடத்திற்குள் உறக்கம் வந்துவிடும். ஒரு ஊசியின் வேகம் ஐந்து பத்து நிமிடத்தில் தணிந்துவிடுவதால், ஆபரேஷன் முடியும்வரை வாயுவாகவோ சொட்டாகவோ மயக்கத்தைத் தொடர்ந்து கொடுப்போம். மயக்க மருத்துவர் அவ்வளவு நேரமும் உங்கள் தலைமாட்டிலேயே மூச்சையும் நாடியையும் கவனித்துக்கொண்டிருப்பார். ஊசி போட்டுவிட்டுப் போய்விடுவார் என்று பலர் நினைக்கிறார்கள், அது தவறு.

எங்களுக்கு மிகுந்த கவலை தருவது வயிற்றிலுள்ள உணவு. குடலிறக்க ஆபரேஷனுக்காக வந்த ஏழு வயதுப் பையன் ஒருவன், தியேட்டர் வாசலில் நர்சம்மாவிடம், "பாட்டி இட்லி குடுத்தாங்க" என்றான். விடியற்காலையில் பிள்ளை பசியால் அழுததைப் பாட்டியால் தாங்க முடியவில்லை. "ரெண்டு இட்லிதானே ஐயா" என்று அந்த அம்மா கண்ணீர் விட்டார்கள். ஆபரேஷன் மறுநாளைக்குத் தள்ளிப்போயிற்று. இரண்டாம் நாள் கூலியையும் இழந்த தகப்பனுக்குக் கோபம். பாட்டியைக் குறைசொல்ல எனக்கு மனமில்லை. "ஒன்றும் கொடுக்காதீர்கள்" என்று சொன்ன நாங்கள் காரணத்தைச் சொல்லவில்லை.

காரணம் இதுதான். விழித்திருக்கும்போது தண்ணீர் தவறி மூச்சுக்குழாய்ப் பக்கம் போனால் உடனே புரையேறி இருமுகிறோம். மயக்கத்தில் அந்தக் காவல் இல்லை. வயிற்றிலுள்ளது மேலேறி நுரையீரலுக்குள் இறங்கினால் அடைப்பு உண்டாகும், இரைப்பை அமிலம் நுரையீரலைப் புண்ணாக்கும், உயிருக்கே ஆபத்து. கர்ப்பிணிகளுக்கு இப்படி நேர்வதை நியூயார்க் மருத்துவர் மெண்டல்சன் 1946-ல் விவரித்து எழுதினார்.

ஆகவே இட்லி, கஞ்சி, பால், பால் கலந்த காப்பி எல்லாம் 6 மணி நேரத்திற்குமுன் நிறுத்தப்பட வேண்டும். எண்ணெய்ப் பலகாரம், பிரியாணி என்றால் 8 மணி நேரம். தாய்ப்பாலுக்கு 4 மணி நேரம். வெறும் தண்ணீரை மருத்துவர் அனுமதித்தால் 2 மணி நேரத்திற்குமுன் வரை குடிக்கலாம். சிலர் இதை உபவாசம்போல் எடுத்துக்கொண்டு இரத்த அழுத்த மாத்திரையையும் விட்டுவிடுகிறார்கள். அநேக மாத்திரைகளை ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கலாம். சர்க்கரை மாத்திரையையும் இன்சுலினையும் மாற்ற வேண்டியிருக்கும். எதை எடுப்பது, எதை விடுவது என்று முந்தின நாளே கேட்டுக்கொள்ளுங்கள்.

குடும்பத்தில் யாராவது மயக்கத்திற்குப்பின் வெகுநேரம் மூச்சுவிடாமல் இருந்ததுண்டா என்று கேட்போம். தசையைத் தளர்த்த உடன் போடும் சக்சினைல்கோலின் என்ற ஊசியைச் சிலர் உடம்பு எளிதில் கரைப்பதில்லை. சில நிமிடங்களில் தீர வேண்டியது மணிக்கணக்காக நீடிக்கும். இது பரம்பரையாக வருவது. நம் நாட்டில் வைசிய சமுதாயத்தினரிடம் கூடுதலாகக் காணப்படுகிறது. முன்கூட்டியே தெரிந்தால் வேறு மருந்து உண்டு. ஒவ்வாமை, ஆஸ்துமா, ஆடும் பல், கட்டுப்பல், நாட்டு மருந்து எதையும் மறைக்க வேண்டாம்.

மறைக்கப்படுவதில் முதலிடம் குடிப்பழக்கத்திற்கு. மனைவியும் போதகரும் பக்கத்தில் நிற்கையில் எவரும் ஒத்துக்கொள்வதில்லை. அதனால் அவர்களை வெளியே அனுப்பிவிட்டே நான் கேட்கிறேன். குடிப்பவருக்கு மருந்தின் அளவே மாறலாம். திடீரென நிறுத்தியதால் ஆபரேஷனுக்குப்பின் நடுக்கமும் புத்தித் தடுமாற்றமும் வரலாம். "மயக்கத்தில் இரகசியங்களை உளறிவிடுவேனோ?" என்றும் கேட்கிறார்கள். ஆழ்ந்த மயக்கத்தில் பேச்சு வராது. தெளியும்போது இரண்டொரு வார்த்தை வந்தாலும் அது தியேட்டரைவிட்டு வெளியே போகாது.

கெட்டமின் என்ற ஊசி சற்று வித்தியாசமானது. கண் திறந்திருக்கும், மூச்சும் பெரும்பாலும் தானே நடக்கும், ஆனால் வலி தெரியாது. விழிக்கையில் விநோதக் கனவுகள் வருவதுண்டு. ஒளியைக் கண்டேன், பறந்தேன் என்று சொல்வார்கள். சிலர் பயந்து அழுவார்கள். அது மருந்தின் வேலை. அந்நேரத்தில் சுற்றி நின்று சத்தமாகக் கேள்வி கேட்காமல், ஒருவர் மட்டும் அமைதியாகக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தால் போதும்.

அன்றே வீடு திரும்புகிறவருக்குத் துணையாக ஒருவர் அவசியம். தெளிந்துவிட்டதாகத் தோன்றினாலும் 24 மணி நேரத்திற்கு வண்டி ஓட்டவோ, அடுப்படியில் தனியாக நிற்கவோ, பத்திரத்தில் கையெழுத்திடவோ கூடாது.