குறையைக் கேட்டு வாங்குவோம்: பழைய மின்நூல் கருவி வாங்குவோர் கவனத்திற்கு



சென்ற மாதம் நம் ஜமாஅத் சகோதரர் ஒருவர், பன்னிரண்டாம் வகுப்பு படிக்கும் மகளுடன் டிரஸ்ட் அலுவலகத்துக்கு வந்தார். கையில் ஒரு பழைய கிண்டில். செல்போனில் படித்தால் கண் எரிகிறது என்று மகள் சொன்னதால் 3,000 ரூபாய் கொடுத்து வாங்கியிருக்கிறார். அது அவருடைய பல நாள் உழைப்பு. கடையில் புதிது போலத்தான் இருந்தது. வீட்டில் மகளின் கணக்கில் பதிவு செய்யப் பார்த்தால், பதிவு ஏற்கப்படவே இல்லை. ரசீதும் வாங்கவில்லை. "பரவாயில்லை அத்தா" என்றாள் மகள். அவர் தலை நிமிரவில்லை.

பழைய பொருள் வாங்குவதில் இழிவு ஏதும் இல்லை. வீண்விரயத்தைத் தவிர்ப்பது நல்ல பழக்கமே. பிரச்சினை, மறைக்கப்பட்ட குறையில்தான் இருக்கிறது. நபி (ஸல்) அவர்கள் ஒரு தானியக் குவியலைக் கடந்தபோது உள்ளே கையை விட்டுப் பார்த்தார்கள். விரல்களில் ஈரம் பட்டது. மழையில் நனைந்துவிட்டது என்றார் வணிகர். மக்கள் பார்க்கும்படி அந்த ஈரத்தை மேலே வைத்திருக்கக் கூடாதா என்று கேட்டு, மோசடி செய்பவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் என்று எச்சரித்த செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. இதில் இரண்டு பாடங்கள் உண்டு. விற்பவர் குறையைக் காட்ட வேண்டும். பார்ப்பவரும் மேலோட்டமாகப் பார்த்துவிட்டு நின்றுவிடக் கூடாது.

மின்நூல் கருவியின் திரை செல்போன் திரை போன்றது அல்ல. மின்தாள் என்ற வகை. அச்சிட்ட காகிதம் போல, வெளி வெளிச்சத்தில் படிப்பது. பக்கம் மாறும்போதுதான் திரைக்கு மின்சாரம் தேவை. அதனால் ஒரு முறை சார்ஜ் செய்தால் பல நாள் தாங்கும். 2012 முதல் வந்த பேப்பர்ஒயிட் வகையில் உள்விளக்கு உண்டு. 2019க்கு முந்தைய சாதாரண கிண்டிலில் அது இல்லை. மஃரிபுக்குப் பிறகு படிக்க விளக்கு வேண்டும்.

'ரீஃபர்பிஷ்டு' என்றால் சோதித்து, பழுது நீக்கி, உத்தரவாதத்துடன் விற்பது. துடைத்துப் பெட்டியில் போட்டதெல்லாம் ரீஃபர்பிஷ்டு ஆகாது. பணம் கொடுக்கும் முன் கடையிலேயே இந்த ஐந்தையும் பாருங்கள்:

1. கணக்கு: முந்தையவரின் கணக்கிலிருந்து கருவி நீக்கப்பட்டிருக்க வேண்டும். உங்கள் செல்போனின் ஹாட்ஸ்பாட்டில் இணைத்து, உங்கள் கணக்கில் அங்கேயே பதிவு செய்து பாருங்கள். ஏற்காவிட்டால் வாங்க வேண்டாம். அது தொலைந்த பொருளாகவோ திருட்டுப் பொருளாகவோ கூட இருக்கலாம்.

2. திரை: பத்துப் பக்கம் புரட்டுங்கள். அசையாத கோடு, மாறாத கறை தெரிந்தால் திரை உள்ளே உடைந்திருக்கிறது. அதை மாற்றும் செலவு கருவியின் விலையையே எட்டிவிடும்.

3. பேட்டரி: வைஃபையை இயக்கிப் பத்து நிமிடம் வைத்திருங்கள். அதற்குள் சார்ஜ் சட்டென இறங்கினாலோ, கருவி தானாக அணைந்தாலோ பேட்டரி தளர்ந்துவிட்டது.

4. தமிழ்: ஒரு தமிழ் நூலைத் திறந்து 'கொடு', 'தேடு', 'கை' போன்ற சொற்களைப் பாருங்கள். மிகப் பழைய கருவிகளில் கொம்பும் காலும் இடம் மாறித் தெரியும். அரபி எழுத்தும் அப்படியே உடையலாம். குர்ஆன் ஓத அச்சிட்ட முஸ்ஹஃபே நல்லது.

5. ரசீது: மாடல், வரிசை எண், உத்தரவாத நாட்கள், சொல்லப்பட்ட குறை ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கட்டும். மறைத்த குறை பிறகு தெரியவந்தால் பொருளைத் திருப்பித் தரும் உரிமையை ஷரீஅத் தருகிறது. நாட்டில் 2019ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டமும் உண்டு. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915.

அடுத்து சார்ஜர். இதற்கென்று விலையுயர்ந்த சார்ஜர் தேவையில்லை. வீட்டில் இருக்கும் 5 வோல்ட், 1 ஆம்பியர் செல்போன் சார்ஜரே போதும். பேப்பர்ஒயிட்டில் 2018 மாடல் வரை மைக்ரோ யுஎஸ்பி. 2021 மாடல் முதல் டைப்-சி. புதிதாக அடாப்டர் வாங்கினால் பிஐஎஸ் முத்திரையும், 'ஆர்' என்று தொடங்கும் பதிவு எண்ணும் இருக்கிறதா என்று பாருங்கள். இவை இல்லாத மலிவு அடாப்டரை இரவு முழுக்கப் பிள்ளைகளின் தலைமாட்டில் செருகி வைப்பது ஆபத்து. கேபிள் வாங்கும்போது 'டேட்டா கேபிள்' என்று கேட்டு வாங்குங்கள். சில மலிவு கேபிள்களில் சார்ஜ் மட்டுமே ஏறும். கணினியிலிருந்து நூல் ஏறாது.

நூல்களுக்குக் காசு செலவழிக்க வேண்டியதில்லை. 1998இல் தொடங்கிய மதுரைத் திட்டத்தில் தமிழ் இலக்கியங்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஃப்ரீதமிழ்இபுக்ஸ் தளத்தில் 6 அங்குலத் திரைக்கென்றே அமைத்த கோப்புகள் உண்டு. பழைய கிண்டில் இபப் கோப்பை நேரடியாகத் திறக்காது. காலிபர் என்ற இலவச மென்பொருளில் மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றை வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறோம். பள்ளிப் பாடநூல்களுக்கு இந்தக் கருவி ஒத்துவராது. பெரிய பக்கமும் வண்ணப் படமும் சிறிய கறுப்பு வெள்ளைத் திரையில் படிக்க முடியாதபடி சுருங்கிவிடும். கதை, கட்டுரை, வரலாறு படிக்கும் பிள்ளைக்குத்தான் இது பயன்படும். அதற்கும் முன்பு, பகுதி நூலகத்தில் உறுப்பினராகிப் பாருங்கள். அதுவே போதுமானதாக இருக்கலாம்.

அந்தச் சகோதரருக்காக நாங்கள் இரண்டு முறை போய்ப் பேசினோம். பாதிப் பணம் திரும்பியது, மீதி போனதுதான். நம் ஜமாஅத்திலேயே காந்திபுரத்திலும் உக்கடத்திலும் செல்போன் கடை வைத்திருப்பவர்கள் உண்டு. அவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: குறையை ரசீதிலேயே எழுதிக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும். பரக்கத் குறையாது, இன்ஷா அல்லாஹ். வாங்குபவர்கள், பணம் கொடுக்கும் முன் ஒரு முறை டிரஸ்ட் அலுவலகத்தில் கேளுங்கள். கூட வந்து பார்க்க நமது இளைஞர்கள் தயாராக இருக்கிறார்கள்.