குளத்துக்கும் ஒரு ஸ்பீட் லிமிட்: அது ஏன் 6 கி.மீ.?

சாரல் ஆரம்பிச்சதும் ஐந்தருவி ரோட்டில் கூட்டம் எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். அருவியில் குளிச்சு முடிச்ச கூட்டத்தில் ஒரு பகுதி அப்படியே வெண்ணமடைக்குளத்துப் படகு குழாமுக்கு வந்து டிக்கெட் வரிசையில் நிற்கும். மிதிபடகு, துடுப்புப் படகு, அவ்வளவுதான். ஆய்க்குடியிலிருந்து நாங்க நாலு பேர் போகும்போதெல்லாம் கரையில் ஒரு பேச்சு காதில் விழும்: "முட்டுக்காட்டுல ஸ்பீட் போட் இருக்கு, பைக்காராவுல இருக்கு. நம்ம ஊர்ல மட்டும் ஏன் இல்ல?"

நியாயமான கேள்விதான். ஆனா அதுக்கு முன்னாடி கேட்க வேண்டிய கேள்வி ஒண்ணு இருக்கு: நம்ம குளத்தில் ஒரு படகு எவ்வளவு வேகமா போகலாம்? மோட்டார் வந்த பிறகு இதைக் கேட்டா பதில் சண்டையில் முடியும். வரும் முன்னாடியே வரம்பு போட்டுடணும்ங்கிறது என் கட்சி. அந்த வரம்பு எந்த எண்ணா இருக்கணும்னு கண்டுபிடிக்க நம்ம ரெண்டாம் வருஷ ஃப்ளூயிட் மெக்கானிக்ஸே போதும். ஒரு பேப்பர், பேனா எடுத்துக்கோங்க.

பிரேக் இல்லாத வண்டி

பைக்குக்கு பிரேக் உண்டு, படகுக்குக் கிடையாது. மணிக்கு 36 கி.மீ. என்றால் நொடிக்கு 10 மீட்டர். எதிரே ஒரு மிதிபடகு குறுக்கே வருது. ஓட்டுநர் பார்த்து, யோசிச்சு, த்ராட்டிலைக் குறைக்க 2 நொடி ஆகும்னு வைங்க. அதுக்குள்ள 20 மீட்டர் போயாச்சு. மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் அதே 2 நொடிக்கு 3.3 மீட்டர்தான். இடிச்சாலும் வித்தியாசம் பெருசு. இயக்க ஆற்றல் வேகத்தின் வர்க்கத்தில் ஏறுவதால், 6 மடங்கு வேகத்துக்கு 36 மடங்கு ஆற்றல். லைஃப் ஜாக்கெட் மூழ்காம காப்பாத்தும். மோதலில் இருந்து காப்பாத்தாது.

படகும் அதன் அலையும்

இனி முக்கியமான பாடம். ஓடுற படகு தன்னோடு ஒரு அலையையும் இழுத்துக்கிட்டுப் போகும். அந்த அலையின் வேகம் படகின் வேகத்துக்குச் சமம். ஆழமான நீரில் அலை வேகத்தின் வர்க்கம் = gL/2π. இங்கே L என்பது அலைநீளம்.

4 மீட்டர் நீளப் படகை எடுத்துக்குவோம். L = 4 என்று போட்டால் வேகம் நொடிக்கு 2.5 மீட்டர், அதாவது மணிக்கு 9 கி.மீ. இந்த வேகத்தில் படகும் அலையும் ஒரே நீளம். முன்பக்கம் ஒரு அலை முகட்டிலும் பின்பக்கம் அடுத்த முகட்டிலும் உட்கார்ந்திருக்கும். இதுக்கு மேல் போகணும்னா படகு தன் அலை மேலேயே ஏறணும். மூக்கு தூக்கும், பின்பக்கம் அமுங்கும், பின்னாடி பெரிய அலை கிளம்பும். மிதிபடகில் மூச்சு வாங்க மிதிச்சாலும் ஒரு கட்டத்துக்கு மேல் வேகம் ஏறாது இல்லையா? காலில் தெம்பு இல்லாதது மட்டும் காரணமில்லை, இந்த அலைச்சுவரும்தான்.

மணிக்கு 6 கி.மீ. வேகத்தில் அலைநீளம் 1.8 மீட்டர்தான் வரும். படகில் பாதிக்கும் குறைவு. சின்னச் சின்ன அலை, கரை போய்ச் சேர்வதற்குள் அடங்கிடும்.

ஆழம் குறைந்தால் கணக்கு மாறும்

ஆழம் குறைந்த நீரில் அலை √(gh)-ஐத் தாண்டி ஓட முடியாது. ஆழம் 2 மீட்டர் என்றால் அந்த எல்லை நொடிக்கு 4.4 மீட்டர், மணிக்கு சுமார் 16 கி.மீ. படகு அந்த வேகத்தை நெருங்கும்போது அலை விலகிப் போக வழியில்லாமல் குவியும். அப்போதான் தடையும் அலை உயரமும் உச்சத்துக்குப் போகும். அலை உயரம் இரண்டு மடங்கானால் அதன் ஆற்றல் 4 மடங்கு. அந்த ஆற்றல் போய் அடிப்பது மண் கரையில். குளத்துக் கரையின் உள்சரிவில் பதிக்கும் கல்லுக்கு அலைகல் என்றே பெயர் வச்சிருக்காங்க. காற்று கிளப்புற அலைக்கே நம்ம ஆட்கள் அவ்வளவு பயந்தாங்க. போதாக்குறைக்கு அடியில் கிடக்கும் வண்டலை ப்ரொப்பல்லர் கலக்கிவிடும்.

இதில் ஒரு பொறி இருக்கு. "சரி, 15 கி.மீ. என்று வரம்பு போடலாமே" என்று யாராவது நல்லெண்ணத்தோடு சொல்லலாம். ஆழம் குறைந்த குளத்துக்கு அதுதான் மோசமான எண். மெதுவாகப் போகிற மாதிரி தெரியும், அலை மட்டும் பெருசா வரும்.

இங்கிலாந்தைக் காப்பி அடிக்க முடியாது

இங்கிலாந்தின் மிகப் பெரிய ஏரி விண்டர்மியர். ஏறக்குறைய 17 கி.மீ. நீளம், 60 மீட்டருக்கும் மேல் ஆழம். அங்கேயே 2005 மார்ச் முதல் மணிக்கு 20 கி.மீ.க்கும் குறைவான வரம்பு அமலில் இருக்கு. பவர் போட் வச்சிருந்தவங்களும் வாட்டர் ஸ்கீயிங் ஆட்களும் கடுமையா எதிர்த்தாங்க. 2000-இல் ஒப்புதல் கிடைச்சும், அவங்க மாறிக்கொள்ள 5 வருஷ அவகாசம் கொடுக்க வேண்டியிருந்தது. ரெண்டு விஷயம் கத்துக்கலாம். படகு வந்த பிறகு வரம்பு போடுவது கஷ்டம். அவங்க எண் அவங்க ஆழத்துக்கானது, நம்ம குளத்துக்கு நம்ம கணக்கு.

வேகம் மட்டும்தான் ஆபத்தா?

இல்லை. 2009 செப்டம்பர் 30 அன்று தேக்கடியில் 'ஜலகன்யகா' கவிழ்ந்து 45 பேர் இறந்தாங்க. அங்கே பிரச்சனை வேகம் இல்லை. ஆட்கள் ஒரு பக்கமாகக் கூடினாங்க, படகு சாய்ந்தது. அதனால் ஆள் எண்ணிக்கை, படகின் ஸ்டெபிலிட்டி, லைஃப் ஜாக்கெட் எதையும் வேக வரம்பு ஈடு செய்யாது. ஆனா வேகமாகத் திரும்பும்போது படகைச் சாய்க்கும் விசை v²/r-க்கு ஏற்ப ஏறும். ஏற்கெனவே சாயத் தயாராக இருக்கும் படகுக்கு வேகம் இன்னொரு தள்ளு கொடுக்கும்.

வருமானம் போகாதா?

ஸ்பீட் போட்டைச் சுற்றி 50 மீட்டர் காலியாக விடணும்னா அந்த வட்டம் 7,850 சதுர மீட்டர், ஏறக்குறைய 2 ஏக்கர். மிதிபடகைச் சுற்றி 10 மீட்டர் விட்டால் 314 சதுர மீட்டர். ஒரு ஸ்பீட் போட் பிடிக்கும் இடத்தில் 25 மிதிபடகு ஓடலாம். சின்னக் குளத்தில் எது லாபம்னு நீங்களே சொல்லுங்க.

யார் அளப்பாங்க?

ரேடார் கன் எல்லாம் வேண்டாம். கரையில் 50 மீட்டர் இடைவெளியில் ரெண்டு கம்பு நடுங்க. கரையை ஒட்டிப் போகும் படகு ஒரு கம்பிலிருந்து அடுத்த கம்புக்கு வர 30 நொடி ஆனால் வேகம் சரியா 6 கி.மீ. அதுக்கு முன்னாடியே வந்தால் மீறல். போன் ஸ்டாப்வாட்ச் போதும். மீட்புப் படகுக்கு மட்டும் விலக்கு, ஏன்னா மூழ்குற ஆளுக்கு நொடி கணக்கு.

அடுத்த சீசனில் குளம் நிறைஞ்சதும் இதை ஒரு தடவை செஞ்சு பாருங்க. ஸ்பீட் போட் கேட்டு தென்காசி கலெக்டர் ஆபீஸில் மனு கொடுக்கப் போகும் நண்பன் இருந்தா அவனையும் கூட்டிட்டுப் போங்க. 9, 16, 6 என்ற மூணு எண்ணையும் அவனுக்கு விளக்குங்க. அவன் மனுவிலேயே வேக வரம்பையும் ஒரு வரியா சேர்த்து எழுதச் சொல்லுங்க.