கேட்டதையே கேட்கும் புதியவர்

நமது சங்கத்திற்குப் புதிதாக வரும் வியாபார அன்பர்களில் சிலர், சொன்னதையே திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்றொரு குறை நம்மிடையே உண்டு. அது யாருடைய குறை என்பதைச் சற்று ஆராய்வோம்.

சிங்கப்பூரில் கடை திறந்து, பொருள், சேவை வரிக்குப் பதிந்துகொண்ட சகோதரர் ஒருவர், "வரியை எப்படிக் கணக்கிடுவது?" என்று நம்மிடம் மூன்று தடவை கேட்டார். இரண்டு தடவை, "நூற்றுக்கு 9" என்றோம். மூன்றாம் தடவை சிரித்துவிட்டோம். அத்தோடு அவர் கேட்பதை விட்டுவிட்டார்.

பின்னர் அவருடைய கணக்கைப் பார்க்க நேர்ந்தது. வரி உட்பட 109 வெள்ளிக்கு விற்ற சரக்கிற்கு, அந்த 109க்கே நூற்றுக்கு 9 வீதம் போட்டு, 9 வெள்ளி 81 காசு என எழுதியிருந்தார். சரக்கின் விலை 100, வரி 9 என்பதே சரி. வரி சேர்ந்த தொகையை 109ஆல் வகுத்து 9ஆல் பெருக்க வேண்டும். ஒவ்வொரு 109 வெள்ளிக்கும் 81 காசு அவர் கைப்பொருள் வீணாயிற்று. அவர் கேட்டது முறையான கேள்வி. நாம் சொன்னதோ பாதிப் பதில்!

மேலும், பதிலுக்கும் வயதுண்டு. 1994ல் 3 விழுக்காடாகத் தொடங்கிய இவ்வரி, 2003ல் 4, 2004ல் 5, 2007ல் 7, 2023ல் 8, 2024ல் 9 என ஏறியது. ஒருமுறை கேட்டவர் மறுபடி கேட்பதில் என்ன தவறு?

ஆகவே நாம் செய்ய வேண்டியவை மூன்று. ஒன்று, இரண்டாம் தடவை கேட்பவரிடம் கணக்கேட்டை வாங்கிப் பார்த்து, எங்கே தடுக்கிறது என்று அறிதல். இரண்டு, பதிலை உதாரணத்தோடு தாளில் எழுதி, தேதியிட்டுக் கொடுத்தல். மூன்று, "தாளில் இருக்கிறது, போய்ப் பாரும்" என்று விரட்டாமல், கூட உட்கார்ந்து ஒருமுறை வாசித்துக் காட்டுதல். கேட்பவருக்கும் கடமையுண்டு. தமக்கு எதுவரை விளங்கிற்று என்பதைச் சொல்லி, அதற்கு மேல் கேட்பாராக.

மதரஸாவில் ஓர் எழுத்தை நாம் எத்தனை தடவை பிழையாக உச்சரித்தோம்! உஸ்தாது அன்று சிரித்திருந்தால், நாம் பாயைச் சுருட்டிக்கொண்டு ஓடியிருப்போம்.

அந்தச் சகோதரரிடம் மன்னிப்புக் கேட்டு, கணக்கைத் திருத்த அவரோடு உட்கார்ந்தோம். அவர் நான்காம் தடவையும் கேட்டார். இம்முறை பொறுமையாகச் சொன்னோம். நாம் யாவரும் அவ்வாறே சொல்வோமாக.