சீசன் நேரத்தில் பிளகின் அப்டேட்டா?
நுவரெலியாவில் ஏப்ரல் சீசனுக்கு அறை தேடுகிறவர்கள் முதலில் பார்ப்பது கூகுளைத்தான். அதனால், விடுதியின் இணையத்தளத்தில் பிளகினை அப்டேட் செய்துவிட்டு அப்படியே விட்டுவிடக் கூடாது. 2018 மார்ச்சில் வந்த, தேடலில் தளம் தெரிய உதவும் யோஸ்ட் எஸ்.இ.ஓ. பிளகினின் 7.0 பதிப்பு இதற்குச் சாட்சி. அதிலிருந்த வழுவால் சில வேர்ட்பிரஸ் தளங்களில் ஒரு தெரிவு மாறிப்போனது. ஏற்றிய ஒவ்வொரு படத்துக்கும் தனிப் பக்கம் திறந்துகொண்டது. படத்தைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பக்கங்கள் கூகுளின் பட்டியலில் ஏறின. யோஸ்ட் நிறுவனம் பிறகு மன்னிப்புக் கேட்டு, அவற்றை அகற்றவே தனியாக ஒரு பிளகினை வெளியிட்டது.

"அப்படியானால் அப்டேட்டே வேண்டாமே" என்பார்கள். அது இன்னும் மோசம். பழைய பதிப்பின் ஓட்டை ஊடுருவிகளுக்குத் திறந்த கதவு. பாதுகாப்புத் திருத்தம் என்றால் அன்றே போடுங்கள். மற்றவற்றைத் தானியங்கியில் விடாமல், கூட்டமில்லாத மாதத்தில், பேக்கப் எடுத்து, எஸ்.இ.ஓ. அமைப்புத் திரைகளைக் கைபேசியில் படம்பிடித்த பிறகு செய்யுங்கள். பேக்கப் மட்டும் போதாதா? தளம் உடனே மீளும். கூகுளின் பட்டியல் அப்படி மீளாது, கூகுள் மறுபடி வந்து பார்க்கும்வரை பிழை நிற்கும். ஆகவே அடுத்த சில வாரங்களுக்கு கூகுள் சேர்ச் கன்சோலில் பக்கங்களின் எண்ணிக்கையைக் கவனியுங்கள். பத்து அறை விடுதிக்கு நூற்றுக்கணக்கில் பக்கங்கள் காட்டினால், முதலில் படப் பக்கங்களைச் சந்தேகியுங்கள்.