புதுக் கன்றுகளுக்கு நீர் வார்க்கும் முறை

மரம் நடுவது ஒரு நாள் வேலை. நட்டதை நிலைபெறச் செய்வதோ பல மாத வேலை. 1877ஆம் ஆண்டில் சிங்கப்பூருக்கு வந்து சேர்ந்த ரப்பர் கன்றுகள் 22. அவற்றுள் 9 கன்றுகள் பேராக் மாநிலத்துக் கோலகங்சாரில் நடப்பட்டன. அவற்றுள் ஒன்று முதிர்ந்த மரமாக இன்றும் அங்கே நிற்கிறது. பேணி வளர்த்த கன்று நூறாண்டுகள் கடந்தும் வாழும் என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

ரப்பர் கன்று பால்வெட்டுக்கு வர ஏறத்தாழ 6 ஆண்டுகள் ஆகின்றன. இடையில் ஒரு கன்று பட்டுப்போனால், அவ்விடத்தில் பின்னர் நடும் கன்று மற்ற மரங்களின் நிழலில் பின்தங்கியே வளரும். வீட்டருகே நடும் மா, பலா, ரம்புத்தான் கன்றுகளையும் நாம் இவ்வாறே இழக்கிறோம்.

எங்கே ஊற்றுவது?

பையில் வளர்ந்த கன்றின் வேர்கள், நட்ட முதல் வாரங்களில் அந்தப் பை மண்ணுக்குள்ளேயே அடங்கியிருக்கும். சுற்றிலும் நிலம் ஈரமாக இருந்தும் வேர்க்கட்டி காய்ந்துபோவது உண்டு. ஆகவே தொடக்கத்தில் கன்றின் அடியை ஒட்டியே நீர் வார்த்தல் வேண்டும். வேர் பரவப் பரவ, நீர் வார்க்கும் வட்டத்தையும் அகலப்படுத்த வேண்டும்.

எவ்வளவு, எப்பொழுது?

நாள்தோறும் சிறிது தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். வேரும் மேலேயே தங்கிவிடும். மழையற்ற நாள்களில், முதல் இரு வாரங்கள் ஒரு நாள் விட்டு ஒரு நாள், சிறு கன்றுக்கு ஏறத்தாழ 5 லிட்டர் நீரை மெதுவாக ஊற்றுவது நன்று. பின்னர் இடைவெளியைக் கூட்டலாம். காலையோ மாலையோ ஏற்ற வேளை. சரிவான நிலத்தில் கன்றின் கீழ்ப்புறம் பிறை வடிவில் சிறு வரப்பு அமைத்தால் நீர் வழிந்தோடாது.

இலை வாடியதும் வாளியைத் தூக்கிவிடலாகாது. நீர் மிகுந்தாலும் வேர் காற்றின்றி அழுகும். அப்பொழுதும் இலை வாடும். முதலில் விரலை மண்ணுள் செலுத்திப் பார்ப்போம். ஈரம் தட்டுப்பட்டால் அன்று நீர் வேண்டா.

ஈரத்தைக் காத்தல்

அடிமண்ணின் மேல் காய்ந்த புல்லையோ சருகையோ மூன்று விரல் கனத்துக்குப் பரப்பினால் ஈரம் நீடிக்கும். ஆயினும் அது தண்டைத் தொடாதபடி நான்கு விரல் இடைவெளி விடுதல் வேண்டும். பெர்லிஸ், கெடா போன்ற வடபகுதிகளில், ஆண்டின் தொடக்க மாதங்களின் வறட்சியில் இம்மூடாக்கு இன்றியமையாதது.

நீர் சேமிக்கும் பீப்பாயை இறுக மூடி வைப்போம். இல்லையேல் டெங்கிக் காய்ச்சலைப் பரப்பும் ஏடிஸ் கொசுக்கள் அதில் பெருகும்.

நாம் நட்ட கன்றின் அடிமண்ணை இன்று மாலையே விரலால் தொட்டுப் பார்ப்போமாக!