சிக்லிட் மீன் வளர்க்கப் போகிறீர்களா?

ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் பாறை இடுக்குகளில் வாழும் 'ம்புனா' வகை சிக்லிட்கள் கடல் மீன்களைப் போல நிறம் காட்டுபவை. ஆனால் மகா சண்டைக்காரர்கள். அதனால் தொட்டி நான்கடி நீளமாவது இருக்கட்டும்.

முதலில் கற்களை அடுக்குங்கள், பிறகு மணலைக் கொட்டுங்கள். இந்த வரிசையை மாற்றவே கூடாது. இவை வாயால் மணலை அள்ளி அள்ளித் துப்பிக் குழி பறிக்கும். மணல்மேல் நிற்கும் கல் ஒருநாள் சரிந்து மீனை நசுக்கும், கண்ணாடியையும் உடைக்கும். கற்களுக்கு இடையே நிறையப் பொந்துகள் விடுங்கள். துரத்தப்படும் மீனுக்கு அதுதான் அடைக்கலம்.

பலரும் ஒதுக்கும் கடினத்தன்மையுள்ள போர்வெல் தண்ணீர் இவற்றுக்குப் பெரும்பாலும் ஒத்துப்போகும். பி.எச். 7.8 முதல் 8.6 வரை இருக்கலாம். சோதித்துப் பார்த்து ஊற்றுங்கள். ஆர்.ஓ. தண்ணீர் மட்டும் வேண்டாம். வெப்பம் 24 முதல் 28 டிகிரி போதும்.

ஃபில்டரை ஓடவிட்டு, துளி உணவு போட்டு, நன்மை செய்யும் பாக்டீரியா பெருக நான்கு முதல் ஆறு வாரம் காத்திருங்கள். அம்மோனியா, நைட்ரைட் இரண்டும் பூஜ்யம் காட்டிய பிறகே மீன் விடலாம்.

ஓர் ஆணுக்கு மூன்று பெண் மீன்களாவது தேவை. ம்புனாக்கள் பெரும்பாலும் பாசி மேய்பவை, ஸ்பைருலினா கலந்த உணவே நல்லது. மாட்டிறைச்சி, ரத்தப்புழு கொடுத்தால் வயிறு உப்பி இறந்துவிடக்கூடும். தயவுசெய்து கொடுக்காதீர்கள்.