பந்துக்குள் போக மறுத்த பிக்காச்சு

கோடை விடுமுறை வந்தால் இந்தப் பகுதிக்குப் பெற்றோரிடமிருந்து வரும் கடிதங்கள் கூடிவிடும். இம்முறை வந்தவற்றில் போக்கிமான் பற்றியவற்றை மட்டும் சேர்த்து வைத்துப் பதில் சொல்லியிருக்கிறேன்.

கேள்வி: என் மகனுக்கு எட்டு வயது. எந்நேரமும் போக்கிமான்தான். அப்படி என்ன இருக்கிறது என்று நானும் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். காட்டில் சும்மா இருக்கும் பிராணியை அடித்துச் சோர வைத்து, பந்துக்குள் அடைத்து, அப்புறம் அடுத்தவன் பிராணியோடு மோதவிடுகிறார்கள். சேவல் சண்டை விட்டால் போலீஸ் வருகிறது. இதை மட்டும் குழந்தைகளுக்குக் காட்டலாமா? - வாசகி, திண்டுக்கல்

பதில்: கேட்க வேண்டிய கேள்விதான். ரசிகர்கள் சிலர் இதைக் கேட்டாலே முகம் சுளிப்பார்கள். ஆனால் தொடரின் முதல் எபிசோடே உங்கள் சங்கடத்தில்தான் தொடங்குகிறது.

1997 ஏப்ரல் 1 அன்று ஜப்பானின் டிவி டோக்கியோவில் அது ஒளிபரப்பானது. ஜப்பானியர்களுக்குச் சாத்தோஷி, நமக்கு ஆஷ். பத்து வயதுப் பையன், முக்கியமான நாளில் தூங்கிவிட்டுத் தாமதமாகப் போகிறான். பேராசிரியர் ஓக்கிடம் இருந்த மூன்று போக்கிமான்களையும் மற்றப் பிள்ளைகள் வாங்கிப் போயாகிவிட்டது. மிச்சம் இருப்பது பிக்காச்சு. தூக்கினால் ஷாக் அடிக்கிறது. பந்துக்குள் போ என்றால் மாட்டேன் என்கிறது. நம் கதாநாயகன் என்ன செய்கிறான்? ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டு, பிக்காச்சுவைக் கயிற்றில் கட்டித் தரதரவென்று இழுத்துப் போகிறான். அவனை எவ்வளவு மோசமாகக் காட்ட முடியுமோ அவ்வளவு மோசமாகக் காட்டிவிடுகிறார்கள். பிறகு அவன் எறிந்த ஒரு கல் ஸ்பியரோ என்ற முரட்டுப் பறவையின் மேல் பட, அதன் கூட்டமே துரத்தி வருகிறது. அடிபட்டுக் கிடக்கும் பிக்காச்சுவிடம், பந்துக்குள் போனால் நீயாவது தப்பிக்கலாம் என்று கெஞ்சிவிட்டு, பறவைகளுக்கு எதிரே கையை விரித்து நிற்கிறான் ஆஷ். பிக்காச்சு எழுந்து, அவன் தோள்மேல் ஏறிப் பாய்ந்து மின்னலை இறக்குகிறது. யாரும் கட்டளையிடவில்லை. பந்துக்குள்ளும் அது கடைசிவரை போகவில்லை. ஆஷும் அதன்பிறகு வற்புறுத்தவில்லை.

பிராணி சொன்னபடி கேட்பது பயிற்சியாளனின் உரிமை இல்லை என்பதைத் தொடர் இப்படித்தான் சொல்லித் தருகிறது. இதைவிடக் கடுமையாகச் சொல்வது சாரிசார்டின் கதை. டேமியன் என்பவன், பலமில்லை என்று சார்மாண்டர் என்ற போக்கிமானை ஒரு பாறைமேல் விட்டுப் போய்விடுகிறான். அதன் வாலில் எரியும் நெருப்பு அணைந்தால் உயிர் போய்விடும். அடை மழையிலும், எஜமானன் வருவான் என்று நம்பிக் காத்திருக்கிறது. ஆஷ் காப்பாற்றி அழைத்துப் போகிறான். ஆனால் நன்றி என்பது வாழ்நாள் அடிமை சாசனம் ஆகிவிடாது. வளர்ந்து உருமாறி, பறக்கும் சாரிசார்டு ஆனதும், அது ஆஷை மதிப்பதே இல்லை. இண்டிகோ லீக் போட்டியில் அவன் தோற்றுப் போவது எதிராளியின் பலத்தால் அல்ல. களத்தின் நடுவே சாரிசார்டு சண்டைபோட மறுத்துப் படுத்துவிடுவதால். பிறகு ஆரஞ்சுத் தீவுகளில் அது பனியில் உறைந்து கிடக்கும்போது, ஆஷ் இரவு முழுக்கத் தன் கையால் தேய்த்துச் சூடேற்றுகிறான். அன்றுதான் அது அவன் பேச்சைக் கேட்கத் தொடங்குகிறது. தொடருக்கு மூலமான வீடியோ விளையாட்டிலும் இதற்கு விதி உண்டு. அடுத்தவரிடமிருந்து வாங்கிய பலசாலிப் போக்கிமான், நம்மிடம் போதிய பேட்ஜ் இல்லாவிட்டால் சொன்னபடி கேட்காது. விளையாட்டில் விதியாக இருந்ததைத் தொடரில் மனஸ்தாபமாக மாற்றியதுதான் எழுத்தாளர்களின் கெட்டிக்காரத்தனம்.

சண்டை எங்கிருந்து வந்தது என்பதையும் சொல்ல வேண்டும். போக்கிமானை உருவாக்கிய சாத்தோஷி தாஜிரி டோக்கியோவின் புறநகரான மச்சிதாவில் வளர்ந்தவர். சிறுவயதில் பூச்சி பிடிப்பதில் அவருக்குப் பெரும் பித்து. ஜப்பானியப் பிள்ளைகள் கோடை விடுமுறையில் கொம்பு வண்டு பிடித்து வளர்ப்பதும், இரண்டை ஒரு மரக்கட்டைமேல் விட்டு எது எதைத் தள்ளுகிறது என்று பார்ப்பதும் வழக்கம். கீழே விழுந்த வண்டு தோற்றது, அதோடு முடிந்தது. மச்சிதாவின் வயல்களும் குளங்களும் கட்டடங்களாக மாறியபின் வந்த குழந்தைகளுக்குப் பூச்சி பிடிக்கும் சந்தோஷத்தையாவது கொடுக்க நினைத்தார் தாஜிரி. கேம் பாய் கருவிகள் இரண்டை ஒரு கேபிளால் இணைக்கலாம் என்று அறிந்ததும், அந்தக் கேபிள் வழியே பூச்சி ஊர்ந்து போவதாகக் கற்பனை செய்தார். 1996 பிப்ரவரி 27 அன்று முதல் விளையாட்டுகள் வெளியாயின. தோற்ற போக்கிமான் மயங்க வேண்டும், சாகக் கூடாது என்பதில் அவர் கவனமாக இருந்தார். சேவலின் காலில் கத்தி கட்டிப் பந்தயப் பணம் வைக்கும் இடத்துக்கும் இதற்கும் உள்ள தூரம் அதுதான்.

ஆனாலும் உங்கள் சங்கடம் முழுக்கத் தீராது; தீர வேண்டியதும் இல்லை. காட்டுப் போக்கிமானைப் பிடிக்கும் காட்சிகள் பலவற்றில் பிராணியின் சம்மதம் பற்றி யாரும் கவலைப்படுவதில்லை. இதைத் தயாரிப்பாளர்களே உணர்ந்திருக்க வேண்டும். 2010இல் வந்த பிளாக், வைட் விளையாட்டுகளில் 'என்' (N) என்ற இளைஞன் வருகிறான். மனிதரால் கொடுமைப்படுத்தப்பட்ட போக்கிமான்களோடேயே வளர்க்கப்பட்டவன். அவற்றை எல்லாம் விடுதலை செய்ய வேண்டும் என்கிறான். அவன் கட்சியில் நியாயம் உண்டு. அவனை அப்படி வளர்த்த கெட்சிஸின் உள்நோக்கம் வேறு: எல்லோரும் விட்டுவிட்டால் தன்னிடம் மட்டும் போக்கிமான் மிஞ்சும். உங்கள் மகன் இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் இதை அவனோடு விவாதிக்கலாம். அவன் பக்கம் நிறைய வாதங்கள் வைத்திருப்பான், தயாராகப் போங்கள்.

கேள்வி: பத்து வயதுப் பிள்ளையை ஊர் ஊராகச் சுற்ற அனுப்பும் அம்மா எந்த ஊரில் இருக்கிறாள்? அவன் பள்ளிக்கூடமே போவதில்லையா? - வாசகர், ஈரோடு

பதில்: போனான், கொஞ்சம் தாமதமாக. 2016 நவம்பரில் தொடங்கிய அலோலா கதையில்தான் ஆஷ் முதன்முதலாக வகுப்பில் ஒழுங்காக உட்கார்ந்தான். அதுவரை பத்தொன்பது ஆண்டுகள் அவனுக்கு விடுமுறை. அந்த உலகத்தில் பத்து வயதில் பயணம் புறப்படுவதுதான் வழக்கம். அது அவர்கள் ஊர்ச் சட்டம். ஜப்பானில் ஆறு வயதுப் பிள்ளைகள் துணையில்லாமல் நடந்தே பள்ளிக்குப் போவதையும் நினைத்துக்கொண்டால் அதிர்ச்சி சற்றுக் குறையும். ஆஷின் அம்மாவைக் குறை சொல்லாதீர்கள். ஊருக்கு வரும்போதெல்லாம் வயிறாரச் சாப்பாடு போட்டுத்தான் அனுப்புகிறாள்.

கேள்வி: பட்டர்ஃப்ரீ பறந்து போகும் எபிசோடைப் பார்த்துவிட்டு என் ஆறு வயது மகள் தேம்பித் தேம்பி அழுதாள். இப்படிப்பட்ட எபிசோடுகளை ஓட்டிவிடலாமா? - வாசகி, நாகர்கோவில்

பதில்: ஓட்டிவிடாதீர்கள். தொடரின் முதல் பருவத்தில் அதைவிடச் சிறந்த எபிசோடு எனக்குத் தெரிந்து ஒன்றுதான் உண்டு. பட்டர்ஃப்ரீ, ஆஷ் தானாகப் பிடித்த முதல் போக்கிமான். பச்சைப் புழுவாக வந்தது. கூடவந்த மிஸ்டிக்குப் பூச்சி என்றால் ஆகாது, அலறுவாள். அது கூட்டுப்புழுவாகி, வண்ணத்துப்பூச்சியாகி, இணை தேடும் பருவம் வருகிறது. இளஞ்சிவப்பு நிறத் துணை ஒன்று கிடைத்ததும், கூட்டத்தோடு கடல் தாண்டிப் போக வேண்டும். ஆஷ் தானே விடைகொடுத்து அனுப்புகிறான். வில்லன் பிடுங்கிப் போகவில்லை, சண்டை போட்டுப் பிரியவில்லை. அதற்கு இனி வேறு வாழ்க்கை இருக்கிறது, அவ்வளவுதான். குழந்தைகளுக்கான தொடர்கள் இப்படி ஒரு பிரிவை நேராகக் காட்டுவது அபூர்வம்.

அதைவிடச் சிறந்த அந்த ஒன்று, பிக்காச்சுவின் பிரியாவிடை. காட்டில் பிக்காச்சுக் கூட்டம் ஒன்றைப் பார்த்ததும், இங்கேயே இருந்தால்தான் இது சந்தோஷமாக இருக்கும் என்று தானாக முடிவுகட்டி, பிக்காச்சுவை விட்டுவிட்டு அழுதுகொண்டே ஓடுகிறான் ஆஷ். அதைக் கேட்காமலேயே. முடிவு பிக்காச்சுவுடையது, அது திரும்பி வருகிறது. இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டுங்கள், மகளின் அழுகை பாதியாகும்.

கேள்வி: போக்கிமான் பார்த்து ஜப்பானில் குழந்தைகள் மயங்கி விழுந்தார்களாமே? உண்மையா, வாட்ஸ்அப் கதையா? - வாசகர், மன்னார்குடி

பதில்: உண்மை. 1997 டிசம்பர் 16, செவ்வாய்க்கிழமை மாலை. கணினிக்குள் நடக்கும் கதை அது. பிக்காச்சுவின் மின்னல் ஏவுகணைகள்மேல் பட்டு வெடிக்கும் காட்சியில், திரை முழுக்கச் சிவப்பும் நீலமும் நொடிக்கு ஏறத்தாழ 12 முறை மாறி மாறிப் பளிச்சிட்டன. சில நொடிகள்தான். அன்று 685 பேர் மருத்துவமனைக்குக் கொண்டுபோகப்பட்டார்கள், பெரும்பாலும் குழந்தைகள். சிலருடைய மூளை இத்தகைய ஒளித் துடிப்பைத் தாங்காமல் வலிப்பு வரும். மற்றவர்களுக்குத் தலைச்சுற்றல், வாந்தி. தொடர் நான்கு மாதம் நிறுத்தப்பட்டு, 1998 ஏப்ரல் 16 அன்றுதான் திரும்பி வந்தது. அந்த எபிசோடு மறுபடி ஒளிபரப்பாகவே இல்லை. ஒளி மாற்றங்களுக்கு ஜப்பானியத் தொலைக்காட்சிகள் கட்டுப்பாடுகளை வகுத்தன. அறையில் விளக்குப் போட்டு, திரையிலிருந்து தள்ளி உட்கார்ந்து பாருங்கள் என்று ஜப்பானிய அனிமேகளின் தொடக்கத்தில் வரும் எச்சரிக்கைக்குக் காரணம் இதுதான்.

ஒரு அநியாயத்தையும் சொல்லிவிடுகிறேன். அந்த எபிசோடின் பெயரில் இருந்த பாவத்துக்கு போரிகான் என்ற போக்கிமான் தொடரிலிருந்து கிட்டத்தட்ட ஒதுக்கப்பட்டது. மின்னலை விட்ட பிக்காச்சு உலகப் புகழ் பெற்றது. இன்றைய எபிசோடுகள் அந்தக் கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டவை. ஆனாலும் உங்கள் குழந்தைக்கு எப்போதாவது வலிப்பு வந்திருந்தால், பளிச்சிடும் எந்தத் திரையையும் பற்றி மருத்துவரிடம் கேட்டுக்கொள்வது நல்லது.

கேள்வி: சின்ன வயதில் பார்த்தது. ஒவ்வொரு லீகிலும் ஆஷ் தோற்றுக்கொண்டே இருப்பான், எரிச்சலில் விட்டுவிட்டேன். கடைசியில் ஜெயித்தானா? - வாசகர், சென்னை

பதில்: நீங்கள் கொஞ்சம் பொறுத்திருக்கலாம், 22 வருடம் மட்டும். முதல் லீகில் கடைசி 16 பேரில் ஒருவன். பிறகு கடைசி எட்டு, கடைசி நான்கு என்று ஏறி இறங்கி, 2016இல் காலோஸ் லீகின் இறுதிப் போட்டிக்கே வந்து அலைனிடம் தோற்றான். அப்போது ரசிகர்கள் கொதித்த கொதிப்பு கொஞ்சநஞ்சமல்ல. எனக்கும் அது அநியாயமாகத்தான் பட்டது. 2019 செப்டம்பரில் அலோலா லீகை வென்றான். 2022 நவம்பரில் உலகச் சாம்பியன் லியானை வீழ்த்தினான். கடைசி அடி, லியானின் சாரிசார்டின் மேல் பிக்காச்சு கொடுத்தது. 2023 மார்ச்சில் அவன் கதை முடிந்தது. அப்போதும் வயது பத்துதான்! சாத்தோஷிக்கு ரிக்கா மத்சுமோத்தோவும், பிக்காச்சுவுக்கு இக்குவே ஒத்தானியும் முதல் நாளிலிருந்து கடைசி நாள்வரை குரல் கொடுத்தார்கள். ஆங்கிலம் உட்பட எத்தனையோ மொழிகளில் நீங்கள் கேட்கும் பிக்காச்சுவின் குரலும் ஒத்தானியுடையதே.

கேள்வி: டீம் ராக்கெட்டில் இருக்கும் பூனை மட்டும் எப்படி மனிதர்போல் பேசுகிறது? - மாணவி, ஐந்தாம் வகுப்பு, தென்காசி

பதில்: காதலுக்காகக் கண்ணு. மியாவ்த் தெருவில் வளர்ந்த பூனை. பணக்காரி வீட்டில் வளரும் மியாவ்ஸி என்ற பூனைமேல் அதற்கு ஆசை. மனிதர்களைத்தான் பிடிக்கும் என்று மியாவ்ஸி சொன்னதால், கஷ்டப்பட்டு இரண்டு காலில் நடக்கவும் பேசவும் கற்றுக்கொண்டது. போய்ப் பேசிக் காட்டினால், பேசுகிற பூனையா, அசிங்கம் என்றுவிட்டது மியாவ்ஸி. அதற்கப்புறம்தான் திருட்டுக் கூட்டத்தில் சேர்ந்தது.

கேள்வி: ஏழு வயது மகனுக்கு எங்கிருந்து காட்டத் தொடங்குவது? ஆயிரத்துக்கும் மேல் எபிசோடு இருப்பதாகச் சொல்கிறார்கள். மலைப்பாக இருக்கிறது. - வாசகி, கோயம்புத்தூர்

பதில்: எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று எந்தக் கட்டாயமும் இல்லை. இரண்டு வழி சொல்கிறேன். ஒன்று, 1997இன் முதல் பருவம். ஓவியம் இன்றைய கண்ணுக்குப் பழசாகத் தெரியும். ஆனால் மேலே சொன்ன நல்ல கதைகளில் பெரும்பாலானவை அங்கேதான் இருக்கின்றன.

இன்னொன்று, 2023 ஏப்ரல் 14 அன்று தொடங்கிய புதிய தொடர். அதில் ஆஷ் இல்லை. லிக்கோ என்ற கூச்ச சுபாவமுள்ள பெண்ணும், ஒரு சின்னத் தீவிலிருந்து வரும் ராய் என்ற பையனும் முக்கியப் பாத்திரங்கள். லிக்கோவுக்குக் கிடைக்கும் ஸ்பிரிகட்டிட்டோ என்ற பச்சைப் பூனைக்குட்டி ஆரம்பத்தில் அவளைத் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை. ஆஷ்போல அவள் கயிற்றைத் தேடவில்லை. அதற்கு என்ன பிடிக்கும், எதற்கு முறைக்கும் என்று உட்கார்ந்து கவனிக்கிறாள். லீக், பேட்ஜ் என்று ஓடாமல், அவள் கழுத்தில் தொங்கும் பதக்கத்தின் மர்மத்தைச் சுற்றிக் கதை தொடர்ச்சியாக நகர்கிறது. அதனால் நடுவில் இரண்டு எபிசோடு விட்டால் குழப்பம் வரும். பழையதில் அந்தக் கவலை இல்லை. பழையதில் டீம் ராக்கெட் குழி தோண்டி, பிக்காச்சுவைப் பிடித்து, வானத்தில் பறந்து மறையும் எபிசோடுகள் ஏராளம். அவற்றைத் தாராளமாக ஓட்டிவிடலாம், உங்கள் மகன் அனுமதித்தால்.